மிஷினின் மறுமுனையில் சேகரண்ணன்

சாவு வீட்டில் சிரித்த மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருந்தாலாவது இருமல் என்று சமாளித்திருக்கலாம். நான் சிரித்தது மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி. என் மனைவி இடுப்பில் கிள்ளிய இடம் நான்கு நாள் நீலமாக இருந்தது.

போன மாதம் எங்கள் தேயிலை மலையின் ரிங்லெட் டவுனில் சேகரண்ணன் காலமானார். மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சவப்பெட்டியைக் கீழே இறக்க ஐந்தாறு பேராவது வேண்டும். வந்திருந்த ஆண்களை எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர் முட்டிவலிக்காரர்கள், மீதிப் பேர் பிரஷர் மாத்திரைக்காரர்கள். இளவட்டமெல்லாம் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனேன். என் முதுகெலும்பின் வரலாறு தெரிந்த மனைவி சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கடைசியில் யாரோ கீழே ஓடிப்போய், முட்டைக்கோஸ் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பங்களாதேஷ் ஆட்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர்கள் கையைக் கால்சட்டையில் துடைத்தார்கள். ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்தார்கள். பெட்டியைத் தூக்கி, "பெலான், பெலான்" என்று, அதாவது மெதுவா, மெதுவா என்று ஒருவருக்கொருவர் மலாயில் சொல்லிக்கொண்டு, படிக்கட்டு திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் தலைமாடு சுவரில் இடிக்காமல் கையைக் கொடுத்து, பூப்போல சேகரண்ணனை இறக்கினார்கள்.

அங்கேதான் சிரித்தேன். உங்களுக்கு இதில் சிரிப்பு வராது. சேகரண்ணன் யார் என்று தெரிந்தால் வரும், அல்லது வேறு ஏதாவது வரும். இந்த மலையிலிருந்து இவர்கள் ஒருத்தர் விடாமல் இறங்கிப் போக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கத்தியவர் அவர்.

சுடுகாட்டுக்குப் போனோம். ஓரத்தில் ஓர் ஆள் மிஷின் வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் கலந்த பெட்ரோல் புகையும் பச்சை அறுபடுகிற வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் முறைத்தவர்கள் இப்போது 'பரவாயில்லை, இவனும் மனுஷன்தான்' என்கிற மாதிரி பார்த்தார்கள். அந்த வாசனையில் எனக்குக் கலங்கியது வேறொன்று என்று யாரிடமும் சொல்லவில்லை. கதை விடச் சொல்லுங்கள், மூன்று மணி நேரம் விடுவேன். உள்ளதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வராது. இது பழைய வியாதி.

தேயிலை என்றதும் முதுகில் கூடை சுமந்த பெண்கள் வரிசையாக நிற்பதாக நினைப்பீர்கள். நான் இப்போது மலைமேல் தானா ராத்தா டவுனில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன், என் வேனில் ஏறுகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். "வேர் இஸ் தி பாஸ்கெட் லேடி?" என்பார்கள். பாஸ்கெட் லேடி பேரன் பேத்தியோடு கிள்ளானில் இருக்கிறாள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் "டுடே ஷி இஸ் ஆன் லீவ்" என்பேன். கூடை போய்க் கத்தரி வந்து, கத்தரியும் போய் மிஷின் வந்து ரொம்பக் காலமாயிற்று.

அந்த மிஷின் மூன்று பேர் சமாச்சாரம். வில் மாதிரி வளைந்த நீளமான கத்தி. அதன் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பிடி. தேயிலைச் செடி நிரையாக இருக்கும், நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். நடுவில் செடிக்கு மேலே மிஷின். மோட்டார் ஒரு முனையில் உட்கார்ந்திருக்கும். வெட்டுப்பட்ட கொழுந்து காற்றில் அடித்துப் பின்னால் கட்டியிருக்கிற நீளமான துணிப்பைக்குள் போகும். அந்தப் பையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள் பின்னாலேயே வருவான்.

மோட்டார் பக்கம் நான். அந்தப் பக்கம் சேகரண்ணன். அணையைத் திறந்துவிட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு புகுந்ததற்கு மறு வருஷம் நான் அந்த எஸ்டேட்டில் மிஷினுக்கு வந்தேன். காலைப் பெரட்டில், வரிசையில் நிறுத்தி ஆள் பிரிக்கும்போது, எங்களை வேலை வாங்குகிற மண்டோர், "ரெண்டு வாயாடியையும் ஒரே மிஷின்ல கட்டுங்க. மத்தவனாவது வேலை பாக்கட்டும்" என்று எங்களைச் சேர்த்துவிட்டார். எனக்கு இருபத்தாறு வயது, அவருக்கு நாற்பதுக்கு மேல். அதற்குப் பிறகு ஏழு வருஷம், கட்டிய மனைவியின் முகத்தைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். இடையில் ஒரு செடி அகலம்தான்.

மிஷினில் ஒரு விஷயம் உண்டு. இரண்டு பேர் கையும் ஒரே உயரத்தில் போக வேண்டும். ஒருவன் கை தாழ்ந்தால் அந்தப் பக்கம் கத்தி உள்ளே இறங்கி முற்றின இலையையும் குச்சியையும் வெட்டிவிடும். செடி ஒரு பக்கம் சரிந்த கூரை மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை நானும் சேகரண்ணனும் ஒரு பந்து விளையாட்டு விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டே ஒரு நிரையை முடித்தோம். மறுநாள் மண்டோர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டில் நின்றபடியே, "நேத்து ரெண்டு பேருக்கும் சண்டையா? செடி சொல்லுது" என்றார்.

அதோடு நான் பாடம் கற்றுக்கொண்டேன். சண்டை கூடாது. சேகரண்ணன் என்ன பேசினாலும் தலையை ஆட்டுவது.

அவர் பேசினார். அடேயப்பா, என்னமாய்ப் பேசினார்! மோட்டார் சத்தத்தைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். பாதியை மோட்டார் தின்றுவிடும், மீதி எனக்கு வரும். "...நம்ம தாத்தா காட்டை வெட்டுனாரு... புலி... காய்ச்சல்ல செத்து... இப்ப எவன் எவனோ வந்து... நம்ம லயன்ல..." தலையாட்டுவேன். அவர் சொன்னதில் முதல் பாதி நியாயம்தான், அதுதான் கஷ்டம். அவர் பிறந்தது எஸ்டேட் கொடுத்த அந்த லயன் வரிசை வீட்டில். அவர் அப்பா பிறந்ததும் அதே வீட்டில். ஆனால் வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு, அறுபது வயதானால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, அதில் பங்களாதேஷ் ஆட்களும் நேப்பாளிகளும் எட்டுப் பேர், பத்துப் பேராகக் குடியேறினார்கள். அவர் கோபம் எஸ்டேட்டை நடத்துகிற துரையின் மேல் போயிருக்கலாம். துரை பங்களா தூரம். அடுத்த வீடு பக்கம்.

இரண்டாவது பாதிதான் வேறு மாதிரி. அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. "ஒரே ஒரு வாரம். ஒரு வாரம் நம்ம கையில குடுத்தா போதும்" என்று ஆரம்பிப்பார். முதல் நாள், கீழே தாப்பாவிலிருந்து மலைக்கு வருகிற ரோட்டை ரிங்லெட்டில் அடைப்பது. இரண்டாம் நாள், மலையில் இருக்கிற அத்தனை பேரையும் திடலில் கூட்டுவது. ஒவ்வொருத்தனிடமும் ஒரே கேள்வி: உன் தாத்தாவை எங்கே புதைச்சாங்க? இந்த மலையில் ஒரு குழியைக் காட்டத் தெரிந்தவன் இந்தப் பக்கம், தெரியாதவன் லாரியில். ஏற மாட்டேன் என்கிறவனை அணைத் தண்ணீரில் தள்ளுவது.

நான் கேட்டேன்: "அண்ணே, எங்க தாத்தா செத்தது தாப்பாவுலண்ணே. நான் எங்க நிக்கிறது?"

அவர் சிரிக்கவே இல்லை. நிஜமாகவே யோசித்தார். நிரை முடிகிற வரைக்கும் யோசித்துவிட்டு, "உன்ன மாரி ஆளுங்களுக்கு ஒரு கமிட்டி வைப்போம்டா" என்றார்.

நிரை முடிகிற இடத்தில் மோட்டாரை நிறுத்த வேண்டும். பிரச்சினை அங்கேதான். அவருக்கு வாய் உடனே நிற்காது. மோட்டார் சட்டென்று அடங்கியதும், அவர் கத்திக்கொண்டிருந்த கடைசி வாக்கியம் மட்டும் மலை முழுக்கத் தனியாகக் கேட்கும். "...அத்தன பேரையும் நிக்க வச்சுச் சுட்டுத் தள்ளணும்!" எதிர்ச் சரிவில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து கோப்பி ஊற்றுவார். தேயிலைக் காட்டில் பிறந்து வளர்ந்தவன் எவனும் தேத்தண்ணி குடிப்பதில்லை, இது மலை ரகசியம், டூரிஸ்ட்டுகளிடம் சொல்லிவிடாதீர்கள். மூன்று கப். முதல் கப்பை எப்போதும் பைக்காரனுக்குத்தான் கொடுப்பார்.

பைக்காரன் ஜமால். பங்களாதேஷ்.

ஆமாம். அந்நியனைச் சுட வேண்டும் என்று ஏழு வருஷம் கத்திய மனுஷனுக்கு, நான்கு வருஷம் பின்னாலேயே பை பிடித்தவன் ஓர் அந்நியன். நான் இதைவிடப் பெரிய ஜோக்கை என் வாழ்நாளில் கேட்டதில்லை. வீட்டில் போய் அபிநயத்தோடு செய்து காட்டுவேன். மனைவி துவைக்கிற துணியை அவள் இரண்டு கையிலும் கொடுத்துப் பையாக்கி, நானே சேகரண்ணன், நானே மோட்டார், நானே ஜமால். அவள் முதல் இரண்டு தடவை சிரித்தாள். அப்புறம் ஒரு நாள், "அந்தப் புள்ளைக்குத் தமிழ் புரியாதா?" என்று கேட்டாள். "அவனுக்கு எங்க புரியும்" என்றேன்.

புரியும். எங்கள் இருவர் பேச்சைத் தவிர அவனுக்கு நாளெல்லாம் காதில் விழுவது வேறு எதுவும் இல்லை, வேறென்ன புரியும்? இரண்டாம் வருஷமே நன்றாகப் பேசினான். எங்களையே பார்த்துக் கற்றதால் எங்களை மாதிரி பேச்சு முடிவில் 'லா' போட்டுப் பேசுவான், சேகரண்ணன் மாதிரியே தொண்டையைச் செருமுவான். ஒரு நாள் அவர் ஒதுங்கப் போயிருந்த நேரம் என்னிடம் கேட்டான்:

"அண்ணே, சுடுறதுன்னா என்னாண்ணே?"

"தோசை சுடுறதுடா" என்றேன்.

"ஓ" என்றான். கொஞ்ச நேரம் பையை உதறினான். "அப்ப சேகரண்ணே நமக்கெல்லாம் தோசை சுடப் போறாரா?"

விழுந்து விழுந்து சிரித்தேன். அவனும் சிரித்தான். அவன் எதற்குச் சிரித்தான் என்று இப்போது யோசிக்கிறேன், அப்போது யோசிக்கவில்லை.

அவரை மாதிரியே பேசுகிறவர்கள் போட்ட ஒரு கூட்டத்துக்கும் சேகரண்ணன் என்னைக் கூட்டிப் போயிருக்கிறார். தானா ராத்தாவில் ஒரு கடையின் மேல்மாடி. ஒன்பது பேர், ஒரு காற்றாடி. மலையில் யாரும் காற்றாடி போடுவதில்லை, கீழேயிருந்து வந்த பேச்சாளருக்காகப் போட்டிருந்தார்கள். நாங்கள் எல்லாரும் நடுங்கிக்கொண்டே ரத்தம் கொதிக்க வேண்டும் என்று அவர் பேசுவதைக் கேட்டோம். நான் போனது அப்புறம் கொடுக்கிற மீ கோரிங் என்கிற வறுத்த நூடுல்ஸுக்காக. இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். கைதட்டச் சொன்ன இடத்தில் தட்டவும் செய்தேன், பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. என் அரசியல் வாழ்க்கை அவ்வளவுதான்.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இந்த மனுஷனை எதிர்த்துப் பேசி மாற்ற முடியாது, சிரிக்க வைத்து மாற்றிவிடலாம் என்று நம்பினேன். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன். ஜமாலுக்கு அட்டை கடித்துக் கால் வீங்கியபோது சோப்பும் புகையிலையும் தேய்த்துவிட்டவர் அவர். நோன்பு மாதத்தில் ஜமால் பட்டினியாகப் பை பிடிக்கும்போது, பிளாஸ்க்கைச் செடிக்குப் பின்னால் மறைத்துத் திரும்பி நின்று குடிப்பார். நானும் அப்படித்தான் குடிக்க வேண்டும் என்று கண்ணால் மிரட்டுவார். ஒரு நாள் கேட்டேன்: "அண்ணே, அந்த ஒரு வாரத்துல ஜமாலை என்னா செய்வீங்க?" எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவர், மோட்டார் பக்கம் குனிந்துவிட்டார். பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆள் மசிகிறார் என்று நினைத்தேன்.

நான்காம் வருஷம் ஜமாலின் பெர்மிட் முடிந்தது. புதுப்பித்துத் தருகிறேன் என்று பாஸ்போர்ட்டை வாங்கிப் போன ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. பெர்மிட் இல்லாத ஆளை இங்கே 'கொசோங்' என்பார்கள், வெறும் ஆள். வெறும் ஆளை லயனில் வைத்திருக்க முடியாது. இமிகிரேஷன் சோதனை வருகிறது என்று பேச்சு கிளம்பியதும் ஜமால் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கு இறங்கி, அவன் ஊர்க்காரன் வேலை செய்கிற தக்காளித் தோட்டத்தில் மருந்து வைக்கிற கொட்டகையில் ஒளிந்துகொண்டான். போகிறதுக்கு முன்னால் என்னிடம் மட்டும் சொன்னான். "உங்ககிட்ட மட்டுந்தாண்ணே சொல்றேன். நீங்க சிரிச்சிக்கிட்டே இருப்பீங்க, யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க."

மறுநாள் மழை. நானும் சேகரண்ணனும் மழைக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். மூன்று கப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்பப் பையில் போட்டார்.

"எங்கடா அவன்? காய்ச்சலா?"

ஆமாம், காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். பொய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்குப் பார்த்து எனக்கு உண்மை பேச வந்தது. என் ஜோக்குகளிலேயே பெரிய ஜோக்கைச் சொல்லப் போகிறேன், இதோடு இந்த மனுஷன் திட்டமெல்லாம் உடைந்து நொறுங்கி, தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறார் என்று எனக்குள் ஒரே குதூகலம்.

"காய்ச்சல் இல்லண்ணே. உங்க ஆளு கொசோங். பெர்மிட் செத்துப்போச்சு. பெர்த்தாம்ல ஒளிஞ்சிருக்கான்" என்றேன். "இப்ப சொல்லுங்க. திடல்ல நிக்க வச்சுக் கேப்பீங்களா? லாரியில ஏத்துவீங்களா? இல்ல, நேரா டேமா?"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். தகரக் கூரையில் மழை. அவர் கோப்பியை ஒரு வாய் குடித்தார்.

"பெர்த்தாம்ல எங்க?"

சொன்னேன். எந்தத் தோட்டம், எந்தக் கொட்டகை, எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று விரலால் மண்ணில் கோடு போட்டுக்கூடக் காட்டினேன். சோறு கொண்டு போய்க் கொடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருஷத்தில் இந்த வரியை எனக்குள் பல ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு தடவையும் முழுசாக நம்ப முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலைப் பெரட்டில் செய்தி வந்துவிட்டது. பெர்த்தாமில் இமிகிரேஷன் லாரி நிற்கிறது. மண்டோரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரோட்டோரம் கம்பி அடித்த லாரி ஒன்று, அதற்குள் பத்துப் பதினைந்து பேர். ஜமால் சட்டை ஈரமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே, கம்பிக்கு இந்தப் பக்கம், சேகரண்ணன்.

அவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டிக் கம்பிக்குள் விட்டார். ஜமால் வாங்கிக்கொண்டான். அவர் ஏதோ சொன்னார். ஒரு நிமிஷம் இருக்கும், அதற்குள் சொல்லி முடித்துவிட்டார். ஜமால் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் எங்கே இருந்தேன்? முட்டைக்கோஸ் லாரி ஒன்றுக்குப் பின்னால் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். லாரி கிளம்பிப் போன பிறகுதான் நிமிர்ந்தேன்.

மறுநாள் நானும் அவரும் மட்டும். பையை மிஷினோடு இறுக்கிக் கட்டியிருந்தார்.

"நீங்கதானாண்ணே?"

"நாந்தான்." ஒளிக்கவில்லை, தலையைக் குனியவில்லை.

"அண்ணே, அவன் நம்ம ஜமால்ணே."

"தெரியும்லா. அதுக்கு? ஆளுக்கு ஆளு மாத்துனா அதுக்குப் பேரு கொள்கையாடா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணு நாளு தூங்கல" என்றார். சொல்லிவிட்டு, "இழு" என்றார். மோட்டார் என் பக்கம் இருந்ததல்லவா. கயிற்றை நான்தான் இழுக்க வேண்டும். இழுத்தேன்.

அன்றைக்கு வெட்டிய நிரையை நான் திரும்பிப் பார்த்தேன். என் கை கொஞ்சமாவது தாழ்ந்திருக்கும், என் பக்கம் ஓர் அங்குலமாவது சரிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். மேசை மாதிரி இருந்தது. ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மண்டோர் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லாத்தான்டா சேந்துட்டீங்க" என்று பாராட்டினார்.

அடுத்த வாரம் பை பிடிக்க ஒரு நேப்பாளி வந்தான். சேகரண்ணன் முதல் கப்பை அவனுக்குக் கொடுத்தார். மோட்டார் ஓடியதும், "ஒரே ஒரு வாரம்..." என்று ஆரம்பித்தார். நான் தலையாட்டினேன். அதற்கு அப்புறமும் மூன்று வருஷம் அதே மிஷினில் இருந்தேன். மனம் வெறுத்து விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னால் கதை அழகாக முடியும். வேன் லைசென்ஸ் கிடைத்தது, வந்தேன். அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சரிவில் செடி இல்லை. கண்ணாடித் தரை போட்டு, படம் எடுத்துக்கொள்கிற இடம் ஆக்கிவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று தடவை டூரிஸ்ட்டுகளை நானே அங்கே இறக்கிவிடுகிறேன். மழைக்கொட்டகை இருந்த இடத்தில் ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் விற்கிறார்கள். லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள். சேகரண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு ரிங்லெட்டுக்கு இறங்கினார். பங்களாதேஷ் ஆட்களையும் எங்கேயோ கொண்டுபோய்த் தகர அறைகளில் வைத்தார்கள். அந்த வீடு யாருக்கும் மிஞ்சவில்லை. நான் இரண்டு தடவை அவரை அடுக்குமாடியில் போய்ப் பார்த்தேன். மூச்சிரைப்பு. கையில் போன், போனில் யாரோ அவரைவிட வேகமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். "கேளு, கேளு" என்று என் பக்கம் திருப்பிக் காட்டினார். தலையாட்டுவதற்கு இப்போது மோட்டார்கூட இல்லை, ஆனாலும் ஆட்டினேன். அவர் மாறவில்லை. நானும் மாறவில்லை. எங்கள் இருவரில் ஒருவராவது மாறியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, பெட்டி தூக்கிய ஐந்து பேருக்கும் நான்தான் கடையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் ஜமாலைப் பற்றிக் கேட்டேன். அவர்களில் ஒருவன் அதே ஊர்ப் பக்கம். ஜமால் அங்கே ஆட்டோ ஓட்டுகிறானாம், இரண்டு பெண் பிள்ளைகளாம். நம்பர் கொடுத்தான்.

இரண்டு வாரம் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு மத்தியானம் கூப்பிட்டேன். குரலைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டான். "அண்ணே, நல்லா இருக்கீங்களா லா?" என்றான். அந்த 'லா' இன்னும் இருந்தது. எனக்கு உடனே வாய் பிடித்துக்கொண்டது. வேன் கதை, பாஸ்கெட் லேடி கதை, என் முதுகு கதை, எல்லாம் சொன்னேன். அவன் "ம்ம்" போட்டான். சேகரண்ணன் இறந்த செய்தியைச் சொன்னேன். அவர்கள் மதத்தில் சொல்கிற வார்த்தையைச் சொன்னான். பெட்டியை யார் இறக்கினார்கள் என்றும் சொன்னேன், சிரிப்பான் என்று நினைத்து. சிரிக்கவில்லை. "சவாரி வந்துருச்சுண்ணே" என்று வைத்துவிட்டான்.

எதற்குக் கூப்பிட்டேனோ அதைச் சொல்லவில்லை. அதனால் வேனில் உட்கார்ந்து குரல் பதிவாகப் பேசினேன். முதல் தடவை நடுவில் ஒரு ஜோக் வந்துவிட்டது, அழித்தேன். இரண்டாவதில் ஏஜென்ட்டைத் திட்டிக்கொண்டே போய்விட்டேன், அதையும் அழித்தேன். நான்காவது தடவை ஒழுங்காகச் சொன்னேன். "ஜமாலு, அன்னிக்கு நீ ஒளிஞ்சிருந்த எடத்தை சேகரண்ணன்கிட்ட சொன்னது நாந்தான். வேற யாரும் இல்ல. லாரிகிட்ட நானும் வந்திருந்தேன், பக்கத்துல வரல. இத்தன வருஷமா உனக்குத் தெரியாதேன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. மன்னிச்சிரு." அனுப்பினேன்.

கேட்டுவிட்டான் என்று போன் காட்டியது. அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், கண்ணாடித் தரையில் டூரிஸ்ட்டுகளை இறக்கிவிட்டு நிற்கும்போது ஒரு குரல் பதிவு வந்தது. மூன்று நொடிதான். பின்னால் அவன் ஆட்டோ சத்தம்.

"தெரியும். அவரு லாரிகிட்டயே சொல்லிட்டாரு."